தரம் 3 முடியும்போது பிள்ளை வாசிக்கிறதா? வன்னிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைப் பெற்றோர் என்னிடம் கூட்டங்களுக்குள் கேட்டதில்லை. கூட்டம் கலைந்த பிறகு, பாடசாலை வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கிளிநொச்சியிலும் துணுக்காய்ப் பக்கத்திலும் ஆரம்பப் பிரிவில் கற்பித்த காலத்தில் இவற்றுக்கு அவசரமாக ஏதோ சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடியிருக்கிறேன். அப்போது சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அதே வகுப்பில் மறித்து வைப்பார்களா?

இல்லை. இலங்கையில் நமது அரச பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவில் ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் வகுப்பேற்றப்படுகிறார்கள். தரம் 1 இல் இருந்து 2 இற்கும், 3 இல் இருந்து 4 இற்கும் செல்வதற்கு எந்த வாசிப்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டியதில்லை. ஒரு பிள்ளை நீண்ட காலம் நோயுற்றிருந்தாலோ, ஆண்டின் பெரும்பகுதி பாடசாலைக்கு வராமல் இருந்தாலோ, பெற்றோரும் அதிபரும் பேசி மறுபடியும் அதே வகுப்பில் இருக்கச் செய்வது உண்டு, அது அரிது.

அப்படியானால் கவலைப்பட என்ன இருக்கிறது?

கவலைப்பட வேண்டியதே அதற்காகத்தான். வகுப்பேற்றத்தைப் பெற்றோர் ஒரு சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள். "தரம் 4 இற்கு ஏற்றியிருக்கிறார்கள், அப்படியென்றால் தரம் 3 இன் பாடம் பிள்ளைக்குத் தெரியும்" என்று நினைக்கிறார்கள். உண்மையில் பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கிறது, அவ்வளவுதான். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் சரளமாக வாசிக்கும் பிள்ளையும் தை மாதத்தில் ஒரே வாங்கில் அருகருகே அமர்ந்திருப்பார்கள். இருவருக்கும் ஒரே புதிய புத்தகம்தான் கொடுக்கப்படும்.

மறித்து வைக்கும் முறை இருந்தால் பெற்றோருக்குக் கெட்ட செய்தியாவது வந்து சேரும். நமது முறையில் செய்தி வராமலே நான்கு ஆண்டுகள் கழிந்துவிடலாம். இதனால் மறித்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தம்பியோடு ஒரே வகுப்பில் இருத்தப்பட்ட அண்ணன்மார் சிலர் பிறகு பாடசாலைப் பக்கமே வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது, வகுப்பேற்றத்தைப் பார்த்து நிம்மதி அடையாமல், பிள்ளையின் வாசிப்பை நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத்தான்.

பாடசாலை எதிர்பார்க்கும் அளவு என்ன?

1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1 உம் 2 உம் முதலாம் நிலை, தரம் 3 உம் 4 உம் இரண்டாம் நிலை, தரம் 5 மூன்றாம் நிலை. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை கட்டாயம் பெற்றிருக்க வேண்டியவை "அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகள்" எனப்படும். தாய்மொழி வாசிப்பு அவற்றுள் முக்கியமானது. கணிப்பீடு ஆண்டு முழுவதும் வகுப்பறையிலேயே நடக்கிறது. பிள்ளை வாசிப்பதை ஆசிரியை கேட்டு, தேர்ச்சி அடைந்ததா இல்லையா என்று பதிவு செய்கிறார். அந்தப் பதிவைப் பார்க்கக் கேட்பதற்குப் பெற்றோர் வெட்கப்பட வேண்டியதில்லை.

வீட்டில் நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு ஒன்றையும் சொல்கிறேன். இது சுற்றுநிருபத்தில் உள்ளதன்று, என் அனுபவத்தில் இருந்து வந்தது. தரம் 1 முடியும்போது தன் பெயரையும், படம், பட்டம், மரம், பால், தயிர் போன்ற சிறு சொற்களையும் படமில்லாமல் வாசிக்க வேண்டும். தரம் 2 முடியும்போது கொம்பும் (ெ) அரவும் (ா) விசிறியும் (ி) கலந்து வரும் சிறு வாக்கியங்களை, மெதுவாக ஆனாலும் தானாக வாசிக்க வேண்டும். தரம் 3 முடியும்போது முன்பு பார்த்திராத ஒரு பந்தியை வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, அதில் என்ன நடந்தது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். உரத்து ஓடி வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாமல் விழிக்கும் பிள்ளை இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை.

என் பிள்ளை பாடப் புத்தகத்தை மளமளவென்று வாசிக்கிறான். அது போதாதா?

போதாது. பல பிள்ளைகள் வாசிப்பதில்லை, ஒப்புவிக்கிறார்கள். வகுப்பில் நாற்பது தடவை எல்லோரும் சேர்ந்து சொன்ன பாடம் காதில் ஏறிவிடும். படத்தைப் பார்த்ததும் வாய் தானாக ஓடும். இப்படிப்பட்ட ஒரு சிறுமி, புத்தகம் தலைகீழாக இருந்தபோதும் ஒரு சொல்லும் பிசகாமல் "வாசித்ததை" நான் கேட்டிருக்கிறேன்.

வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிது. படத்தைக் கையால் மறையுங்கள். பந்தியின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை வரியின் தொடக்கத்தில் இருந்து முணுமுணுத்து அந்தச் சொல்வரை வந்து சேரும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்தச் சொல்லை நேரே சொல்லும். இன்னொரு வழி, பொருளில்லாத சொற்களை எழுதிக் கொடுப்பது: தொமில், கேபடு, நைபல். இவற்றை ஒரு பிள்ளையும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. எழுத்தின் ஒலி தெரிந்த பிள்ளை சிரித்துக்கொண்டே வாசித்துவிடும். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 40 சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் ஒரு சோதனை நடக்கிறது. அவற்றில் பாதி இப்படிப்பட்ட பொருளற்ற சொற்கள்தாம். அங்கும் அந்தச் சோதனையால் யாரையும் வகுப்பில் மறிப்பதில்லை. தவறவிட்ட பிள்ளைக்கு உதவி கொடுத்து, அடுத்த ஆண்டு மறுபடியும் சோதிக்கிறார்கள்.

கொப்பி முழுவதும் அழகான எழுத்து, எல்லாவற்றுக்கும் சரி போடப்பட்டிருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

அந்தக் கொப்பியையே எடுத்து, பிள்ளை தானே எழுதிய ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது ஒரு வகையில் படம் கீறுவதைப் போன்றது. எழுத்தின் ஒலி தெரியாமலே அழகாகச் செய்யலாம். தன் கையெழுத்தையே வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்தச் சிவப்புச் சரி, வேலை முடிந்தது என்பதற்கே பெரும்பாலும் போடப்படுகிறது. ஆசிரியையைக் குற்றம் சொல்வதற்கில்லை. இரண்டு வகுப்புகளை ஒரே மண்டபத்தில் வைத்துப் பல்தரக் கற்பித்தல் செய்யும் ஒருவர், யாழ்ப்பாணத்தில் இருந்து விடிய முன் பஸ் ஏறி வந்தவர், ஒவ்வொரு கொப்பியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்க ஒரு நாள் போதாது.

தமிழில் 247 எழுத்துகள். ஆறு வயதுப் பிள்ளையிடம் இவ்வளவையும் எதிர்பார்க்கலாமா?

247 என்பது பெரியவர்களைப் பயமுறுத்தும் கணக்கு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மீதி 216 உயிர்மெய். அந்த 216 ஐயும் ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியதில்லை. ஒரு மெய்யோடு அரவு சேர்ந்தால் என்ன ஒலி, விசிறி சேர்ந்தால் என்ன ஒலி என்பது பிடிபட்டால், எல்லா வரிசைக்கும் அதே வழி.

எங்கே தடக்குப்படும் என்று தெரிந்திருந்தால் நீங்கள் அங்கே நின்று உதவலாம். முதலாவது, உகர ஊகார வரிசை. கு, சு, டு, து, பு, மு ஆகியவற்றைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடையாளம் இல்லை. இவற்றைத்தான் தனித்தனியே பழக்க வேண்டும். இரண்டாவது, கொம்பு. "கெ" என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ககரம். "கொ" என்றால் கொம்பு முன்னால், அரவு பின்னால், நடுவில் எழுத்து. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகிய பிள்ளை இங்கே குழம்புவது இயல்பு. அது சோம்பல் அன்று. மூன்றாவது, ஒரே எழுத்து இடத்துக்கு இடம் ஒலி மாறுவது. கல், மகன், தங்கம், பக்கம் என்று சொல்லிப் பாருங்கள்; நான்கிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிக்கவில்லை. நான்காவது ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. இவை எழுதும்போதுதான் பெரும் சிக்கல். வாசிப்பில் "பள்ளி" என்பதைச் சற்றே "பல்லி" போல ஒலித்தாலும் பொருள் விளங்கிச் சொன்னால் தரம் 2 வரை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. என்னோடு கற்பித்த சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

அம்மம்மா "ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா" என்று சொல்லிக் கொடுக்கிறார். பாடசாலையில் வேறு மாதிரி. எதைப் பின்பற்றுவது?

விஜயதசமியன்று ஏடு தொடக்கிய கையோடு இந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பது நமது வழக்கம், அது இருக்கட்டும். ஆனால் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. "ஆனா, இம்மன்னா, மாவன்னா" என்று மூன்று பெயர்களையும் சேர்த்துச் சொன்னால் "அம்மா" என்ற சொல் வராது. இதனால்தான் பாடசாலையில் ஒலியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ப, ட, ம போன்று எழுத எளிய எழுத்துகளை முதலில் எடுத்து உடனே சொல்லாக்கும் ஆசிரியர்களும் பலர். அம்மம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: பெயரைச் சொன்ன பிறகு ஒலியையும் சொல்லட்டும். கதை சொல்லும் வேலை அவருடையது. அதை யாரும் அவரிடம் இருந்து பறிக்கக் கூடாது. காதால் நிறையக் கதை கேட்ட பிள்ளைக்குப் புத்தகத்தில் வரும் சொற்கள் பாதிக்கு மேல் முன்பே அறிமுகமாகி இருக்கும்.

"வருகிறேன்" என்று இருப்பதை "வாறன்" என்று வாசிக்கிறாள். பிழை என்று அடிக்க வேண்டுமா?

அடிக்க வேண்டாம், எதற்காகவும். அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்து, பொருளை எடுத்து, தன் வீட்டு மொழியில் சொல்கிறாள். இது விளங்கி வாசிப்பதன் அடையாளம். நாம் "கிடக்கு" என்போம், புத்தகம் "இருக்கிறது" என்னும். நாம் "அவையள்" என்போம், புத்தகம் "அவர்கள்" என்னும். ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் ஓரளவுக்கு இன்னொரு மொழிதான். "சரி, புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் பார்" என்று விரலால் காட்டினால் போதும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் தரம் 3 இல் வாசிக்காவிட்டால் வகுப்பேற்ற மாட்டார்களாம் என்று அங்குள்ள உறவினர் சொல்கிறார்கள். இங்கும் அது வருமா?

இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது, பாதி உண்மையோடு. அமெரிக்காவில் கல்விச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. புளோரிடா மாநிலம் 2002 இல், தரம் 3 வாசிப்புப் பரீட்சையில் மிகக் கீழ் நிலையில் உள்ள பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. மிசிசிப்பி 2013 இல் அதேபோன்ற சட்டத்தை இயற்றியது. மிச்சிகன் 2016 இல் இயற்றி, வகுப்பில் நிறுத்தும் பகுதியை 2023 இல் நீக்கிவிட்டது. எனவே அங்கேயே இது முடிந்த விவாதம் அன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தரம் 3 இல் மாகாணப் பரீட்சை இருக்கிறது. அது வகுப்பேற்றத்தைத் தீர்மானிப்பதில்லை.

அந்தச் சட்டங்களில் நமக்குப் பயன்படும் பகுதி வேறு. தரம் 3 வரை காத்திராமல் முன்னைய வகுப்புகளிலேயே பிள்ளையின் வாசிப்பைச் சோதிக்க வேண்டும். பின்தங்கியிருந்தால் பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். என்ன உதவி செய்யப்படும் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். புதிதாக ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கும் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கும் விலக்குகளும் உண்டு. எழுத்தில் அறிவித்தல் என்ற அந்த ஒன்று நம்மிடம் இருந்தால், வாசலில் சைக்கிளோடு நிற்க வேண்டி வராது.

தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து திரும்பி வந்திருக்கிறோம். பிள்ளை அங்கு மூன்றாம் வகுப்பு. இங்கு சமாளிப்பாளா?

எழுத்து ஒன்றுதான், வாசிப்பும் ஒன்றுதான். பாடப் புத்தகத்தில் சில சொற்கள் மாறும். அங்கும் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் வகுப்பேற்றப்படுகிறார்கள், ஆகவே வகுப்பை வைத்து வாசிப்பை அளக்க முடியாது என்ற நிலை அங்கும் இங்கும் ஒன்றே. மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்து பாருங்கள். அனுமதிக்குரிய ஆவணங்களைப் பற்றி வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள்.

தரம் 3 என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

தரம் 4 இல் இருந்து யாரும் எழுத்தைக் கற்பிப்பதில்லை என்பதால். சுற்றாடல் பாடம் நீளமான பந்திகளில் வரத் தொடங்கும். கணிதம்கூட வாசிப்பாக மாறிவிடும். "48 ஐ 6 ஆல் வகுக்க" என்றால் உடனே 8 என்று சொல்லும் பிள்ளையிடம், "ஒரு விவசாயி 48 மூடை நெல்லை உழவு இயந்திரத்தில் ஒரு தடவைக்கு 6 மூடை வீதம் ஏற்றினால் எத்தனை தடவை செல்ல வேண்டும்?" என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை 48 ஐயும் 6 ஐயும் கூட்டி 54 என்று எழுதும். தாய் "இவனுக்குக் கணக்கு ஓடாது" என்று சொல்வார். கணக்கு ஓடுகிறது, வாக்கியம்தான் ஓடவில்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புக்கு இப்போதே விடட்டுமா?

வாசிக்கத் தெரியாத பிள்ளையை விட வேண்டாம். அந்தப் பரீட்சையின் இரண்டு வினாத்தாள்களும் வாசித்து விளங்குவதில்தான் தங்கியிருக்கின்றன. கடந்தகால வினாத்தாளை முன்னால் வைத்து விடையை மட்டும் பாடமாக்கும் ரியூசனுக்கு மாதாமாதம் கொடுக்கும் காசு வீண். அந்தப் பரீட்சையில் குறைந்த புள்ளி எடுத்தாலும் தரம் 6 இற்குச் செல்லத் தடையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நானே சரியாகப் படிக்கவில்லை. இடப்பெயர்வோடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. நான் எப்படி உதவ முடியும்?

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அதிகம் தயங்குகிறார்கள். 2008 இலும் 2009 இலும் ஆரம்பப் பிரிவில் இருந்த பிள்ளைகள் இன்று தாயும் தகப்பனும் ஆகிவிட்டார்கள். மன்னார்ப் பக்கத்தில் தொடங்கி, கிளிநொச்சி தாண்டி, முல்லைத்தீவுக் கரை வரை நடந்து, பிறகு செட்டிகுளம் முகாமில் மரத்தடியில் விட்ட இடத்தில் இருந்து தொடங்கியவர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவில் நின்றுபோனவர்கள் அவர்களுள் பலர். அது அவர்களுடைய குற்றம் அன்று, அதை மறைக்க வேண்டியதும் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. மாலையில் பத்து நிமிடம் பிள்ளையை அருகில் இருத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். விரலுக்கும் வாய்க்கும் இடையில் தூரம் வந்தால் பிள்ளை ஒப்புவிக்கிறது என்று உங்களுக்கு வாசிக்கத் தெரியாமலே தெரிந்துவிடும். வாசித்து முடிந்ததும் "யார் வந்தது? பிறகு என்ன நடந்தது? ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேளுங்கள். இதற்குப் படிப்புத் தேவையில்லை. அயலில் நடந்ததை விசாரிக்கும் ஆர்வம் போதும். தரம் 1 புத்தகத்தில் இருந்து பிள்ளையோடு சேர்ந்து தாங்களும் வாசிக்கத் தொடங்கிய தாய்மார் சிலரை எனக்குத் தெரியும். ஒருவர் ஆண்டு முடிவில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்பைத் தானே வாசித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார்.

வீட்டில் கதைப் புத்தகம் ஒன்றும் இல்லை.

பிரதேச சபை நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் எழுத்துக்குப் பஞ்சமில்லை. உர மூடை, விதை நெல் பை, சவர்க்காரப் பெட்டி, கோயில் திருவிழா நோட்டீஸ், பழைய பத்திரிகை எல்லாவற்றிலும் எழுத்து இருக்கிறது.

நான் அதிகம் பயன்படுத்தியது ஊர்ப் பெயர்களை. வவுனியாவில் இருந்து ஏ9 வீதியில் பஸ்ஸில் வரும்போது ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று பலகைகள் வந்துகொண்டே இருக்கும். குளம் என்ற முடிவு மூன்று பலகைகளில் வருவதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்; பிறகு முன்பகுதியை மட்டும் வாசித்தால் போதும். ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு இரண்டையும் தடக்குப்படாமல் வாசிக்கும் பிள்ளைக்கு உகர வரிசை பெரும்பாலும் பிடிபட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கைத்தொலைபேசியில் எழுத்துப் பாட்டுப் பார்க்கிறான். நல்லதுதானே?

பத்து நிமிடத்துக்கு நல்லது. பாட்டு ஒலியைப் பழக்கும், வாசிப்பைப் பழக்காது.

அறுவடைக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் பாடசாலைக்கு விட முடிவதில்லை. பெரிய நட்டமா?

தரம் 1 இலும் 2 இலும் பெரிய நட்டம். காலபோக அறுவடை ஆண்டின் முதலாம் தவணையோடுதான் மோதுகிறது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதும் அந்தத் தவணையில்தான். அரவு கற்பித்த வாரத்தில் வராத பிள்ளைக்கு அடுத்த வாரம் வரும் "கொ" விளங்காது. பருவத்துக்குக் கரை மாறி வாடியில் தங்கும் மீனவக் குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். கட்டாயக் கல்வி 1998 முதல் 5 வயது தொடங்கி 14 வயது வரை என்றிருந்து, 2016 இல் 16 வயதாக உயர்த்தப்பட்டது. சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. வயலில் வேலை இருக்கும்போது பிள்ளையை யார் பார்ப்பது என்பது உண்மையான கேள்வி. போகும் முன் ஆசிரியையிடம் சொல்லி, அந்த நாட்களில் வரும் எழுத்துகளைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். திரும்பி வந்த அன்று "இவை தவறிவிட்டன" என்று நினைவூட்டுங்கள்.

எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் எழுத்து நிற்கவில்லை. பிள்ளைக்கு மூளைக் குறைபாடா?

அந்தச் சொல்லைப் பிள்ளையின் காதில் விழும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள். முதலில் கண்ணும் காதும். கரும்பலகைக்கு அருகில் இருத்தினால் எழுதுகிறதா, பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குழுவோடு வரும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையன்று பிள்ளையை மறித்து வைக்காமல் அனுப்புங்கள். கண்ணாடி போட்ட பின் ஒரே தவணையில் மாறிய பிள்ளைகள் உண்டு.

கண்ணும் காதும் நன்றாக இருந்து, பேச்சும் விளையாட்டும் கெட்டித்தனமாக இருந்து, எழுத்து மட்டும் நிற்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு அதுவாக இருக்கலாம். அது அறிவுக் குறைவு அன்று. அத்தகைய பிள்ளைக்கு வேறு வேகத்தில், ஒலியை ஒவ்வொன்றாகப் பிரித்து, பலமுறை கற்பிக்க வேண்டும். இதை நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது. வகுப்பாசிரியை வழியாக வலயத்தின் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடமும், மாவட்ட வைத்தியசாலையிலும் காட்டலாம்.

யாரிடம் போய்ப் பேசுவது? போனால் பிள்ளையைப் பிறகு ஒரு மாதிரிப் பார்ப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் வகுப்பாசிரியை, அதன் பிறகு அதிபர், அங்கும் சரிவராவிட்டால் ஆரம்பக் கல்விக்கான ஆசிரியர் ஆலோசகரைக் கோட்டக் கல்விப் பணிமனையிலோ வலயத்திலோ சந்திக்கலாம். நேரே வலயத்துக்குப் போனால் அந்தப் பயத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். "ரீச்சர், நீங்கள் சரியாகப் படிப்பிக்கவில்லை" என்று தொடங்காமல், "ரீச்சர், கொம்பு வரும் சொற்களில் தடக்குப்படுகிறான், வீட்டில் நான் என்ன செய்யலாம்?" என்று தொடங்குங்கள். இந்தக் கேள்வியோடு வரும் பெற்றோரைக் கண்டால் எந்த ஆசிரியைக்கும் மனம் இளகும். பின்தங்கிய பிள்ளைகளுக்கான பரிகாரக் கற்பித்தல் நடக்கிறதா, எந்த நாளில், பிள்ளை அதில் இருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள்.

கார்த்திகை மாதத்தில்தான் தெரியவந்தது. தை பிறந்தால் தரம் 4. இனி என்ன செய்வது?

மழைக்காலம், வீதி வெள்ளத்தில் பாடசாலையும் இடையிடையே நின்றுபோகும். அந்த நாட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தரம் 3 புத்தகத்தை மூடி வையுங்கள். அயலில் யாரிடமாவது தரம் 1, தரம் 2 தமிழ்ப் புத்தகங்களை வாங்கி, பிள்ளை எந்தப் பக்கத்தில் தடக்குப்படத் தொடங்குகிறதோ அந்தப் பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். "சின்னப் பிள்ளைப் புத்தகம்" என்று அழும். தங்கைக்கு வாசித்துக் காட்டும் வேலையாக அதைக் கொடுத்தால் அழாது. காலை பதினைந்து நிமிடம், மாலை பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஐந்து சொற்கள் சொல்வதெழுதுதல். பிழைத்த எழுத்துகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சரியானதும் வெட்டிவிடுங்கள்.

தை மாதத்தில் வகுப்பு மாறும், பெரும்பாலும் ஆசிரியையும் மாறுவார். முதல் வாரத்திலேயே அந்தத் தாளைப் புதிய வகுப்பாசிரியையிடம் கையில் கொடுங்கள். வெட்டப்பட்டவை எவை, இன்னும் மீதமிருப்பவை எவை என்று அவர் இரண்டு நிமிடத்தில் பார்த்துக்கொள்வார். அது இல்லாவிட்டால் இவற்றைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு தவணை செல்லும்.